இரவில் எடுத்த துளி

யானைக்கால் நோயைப் பற்றி நாலு பேர் கூடிய இடத்தில் பேசுவது நம்மவர்க்குள் நாகரிகக் குறைவாகக் கருதப்படுகிறது. நீரிழிவு உண்டா என்று கேட்டால், உண்டு என்று ஏறக்குறையப் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். இரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் மாத்திரையைப் பந்தியிலேயே எடுத்துக் காட்டுவோம். கால் வீங்கினால் மட்டும் வேட்டிக் கரையும் சேலைத் தலைப்பும் கீழே இறங்கிவிடும். முற்பிறப்பில் செய்த வினை என்பார் ஒருவர்; ஈரத்தில் நின்றதால் வந்த வாதம் என்பார் மற்றொருவர்; நாகத்தை அடித்த பாவம் என்பாரும் உண்டு. கடைசியிற் சொன்னவரை நாம் நேரில் கண்டிருக்கிறோம். அவர் நன்கு படித்தவர்.

உண்மையில் அந்நோய்க்குக் காரணம் நூலினும் மெல்லிய ஒரு புழு. அதைப் பரப்புவது கொசு. இவ்வளவு சிறிய செய்தியை உறுதிப்படுத்துவதற்கு உலகத்தின் பல மூலைகளிலும் இருந்த மனிதர், ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் தொட்டு, ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைக்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்பின் ஒரு முனை நமது மலேசிய நாட்டிலேயே, நமது பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவர்? அதைக் குறித்தே எழுதப் புகுந்தோம்.

நாம் வைத்தியர் அல்லோம். பத்து காவான் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணி வேலை பார்ப்பவர். செக்ரோலும் சம்பளக் கணக்கும் நமது வேதம். இளமையில் ஆங்கிலப் பள்ளியில் படித்த பயனாக, ஆங்கிலத்தில் வரும் ஆராய்ச்சி ஏடுகளை அகராதியின் துணையோடு ஒருவாறு படிக்க முடிகிறது. அவ்வளவே நமது தகுதி. சென்ற நூற்றாண்டுக்கும் முந்தியதில் இப்பத்து காவான் கரும்புத் தோட்டங்களாயிருந்தது. பின்னர் ரப்பரும் செம்பனையும் வந்தன. இன்று செம்பனையை வெட்டிய இடங்களில் தொழிற்பேட்டைகள் எழுந்திருக்கின்றன. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் திறந்த இரண்டாம் பாலத்தின் மேல் தீவுக்குப் போகும்போது வடபுறத்தே ஜெரெஜாக் தீவு தெரியும். கப்பலில் வந்த நம் முன்னோரைத் தொற்றுநோய்க்கு அஞ்சி நிறுத்தி வைத்த இடம் அது.

நமது பாட்டனாரின் தாயாரும் அங்கு நிறுத்தி வைக்கப்பட்டவரே. கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவர். வரும்போதே வலக்கால் சற்றுப் பருத்திருந்ததாம். சேலையை இழுத்து மூடிக்கொண்டு நின்றாராம். தோட்டத்தில் முப்பது ஆண்டு மரம் சீவினார். ஆனால் ஒரு கல்யாணப் பந்தலுக்கும் போனதில்லை. தம் பெண்களுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களின் எதிரே ஒருநாளும் எழுந்து நடந்ததில்லை. வந்தவர்கள் போகும்வரை அடுப்பங்கரையில் உட்கார்ந்தே இருப்பாராம். இதை நம் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த அம்மையார் தமக்கு என்ன நோய் என்பதை அறியாமலே இறந்தார். அறிந்தவர்கள் அப்போதும் உலகத்தில் இருந்தார்கள் என்பதே நமக்கு வருத்தம்.

அறிந்த கதையை இனிக் கூறுவாம். 1863-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் தெமார்க்கே என்னும் அறுவை வைத்தியர், கியூபாத் தீவிலிருந்து வந்த நோயாளி ஒருவரின் விரைவீக்க நீரில் கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சுகளைக் கண்டார். 1866-இல் பிரேசில் நாட்டுப் பாயியாவில் வூக்கரர் என்பவர் அவற்றைச் சிறுநீரிற் கண்டார். 1872-இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் இரத்தத்திலேயே கண்டார். 1876-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசப் பாங்க்ராப்ட் முதிர்ந்த தாய்ப்புழுவைக் கண்டெடுத்து லண்டனிலிருந்த கோபோல்டுக்குத் தெரிவிக்க, கோபோல்டு அடுத்த ஆண்டே அதற்குப் பாங்க்ராப்டின் பெயரை இட்டார். அதே 1877-இல் சீனத்து அமோய்த் துறைமுகத்தில் சுங்க இலாகாவின் வைத்தியராயிருந்த பாட்ரிக் மேன்சன், ஹின் லோ என்னும் தோட்டக்காரரைக் கொசுக்கள் நிறைந்த அறையில் உறங்கச் செய்தார். அவரைக் கடித்த கொசுக்களை அறுத்துப் பார்த்து, புழு கொசுவின் உடம்பில் வளர்வதைக் காட்டினார். குஞ்சுகள் பகலில் மறைந்து, இரவில் மட்டும் இரத்தத்தில் உலவுவதையும் மேன்சனே தெளிவுபடுத்தினார்.

பாரிஸ், பாயியா, கல்கத்தா, பிரிஸ்பேன், லண்டன், அமோய் ஆகிய ஆறு ஊர்களையும் கடிதமும் வைத்திய ஏடும் தவிர வேறெதுவும் இணைக்கவில்லை. ஆயினும் கொசுவிலிருந்து புழு மனிதனுக்குள் எப்படி நுழைகிறது என்பதில் மேன்சன் தவறினார். கொசு நீரில் விழுந்து சாகும், அந்நீரைக் குடிப்பவனுக்கு நோய் வரும் என்று அவர் எண்ணினார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின் பாங்க்ராப்டின் மகன் தாமஸ் பாங்க்ராப்ட், பிரிஸ்பேனில் நோயாளியின் இரத்தத்தை ஊட்டி வளர்த்த கொசுக்களைப் பதப்படுத்தி லண்டனுக்கு அனுப்பினார். அவற்றை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்த ஜார்ஜ் லோ, 1900-இல், புழு கொசுவின் ஊசிமூக்கிலேயே குடியிருப்பதைக் கண்டார். தந்தை கண்டது தாய்ப்புழுவை. மகன் அனுப்பியது கொசுவை. கண்டு சொன்னவர் மூன்றாம் மனிதர். மூவரில் எவர் பெரியர் என்று பட்டிமன்றம் நடத்துவது நம்மவர்க்குப் பிடித்த வேலை. அவர்களுக்கோ அதற்கு நேரம் இல்லை.

ஹின் லோ என்னும் பெயர் ஏடுகளில் நின்றுவிட்டது. அவரிடம் முறையாக ஒப்புதல் கேட்கப்பட்டதா என்பது மட்டும் நமக்குத் தெரியவில்லை. இதை நினைவில் வைக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். பின்னர் இதனிடம் மீளுவோம்.

நிற்க. கும்பகோணத்துப் புழு வேறு. மலாயாப் புழு வேறு. 1927-இல், நமக்கு நேர் எதிர்க்கரையாகிய அச்சே நாட்டின் பீருவெனில் வேலை பார்த்த லிக்டென்ஸ்டைன் என்னும் டச்சு வைத்தியர், தம் நோயாளிகளின் இரத்தத்திலிருந்த குஞ்சுகள் பாங்க்ராப்டின் குஞ்சுகளைப்போல் இல்லை என்று கண்டார். அவருடைய நாட்டினரான ப்ருக் என்பவர் அதனைத் தனி இனமாக வருணித்து, மலாய் நிலத்தின் பெயரை அதற்குச் சூட்டினார். அன்று முதல் உலகத்து விஞ்ஞான ஏடுகளில் நம் நாட்டின் பெயரைத் தாங்கி நிற்பது ஒரு புழு! 1960-இல் பக்லி என்பவர் அதற்குப் ப்ருக்கின் பெயரையும் சேர்த்து, ப்ருகியா மலாயி என்று ஆக்கினார். சதுப்புநிலக் கொசுக்களில் ஒரு வகை இதனைப் பரப்புகிறது. அக்கொசுவின் புழுப்பருவம் நீர்த்தாவரங்களின் வேரைத் துளைத்து, அவ்வேரிலிருந்தே மூச்சு விடுமாம். 1950-ஆம் ஆண்டுகளில் மலாயாவில் ஆராய்ந்த எடிசன், வார்ட்டன் முதலியோர், இப்புழு குரங்கிலும் பூனையிலும் கூட வாழும் என்பதை மெய்ப்பித்தார்கள். பூனையில் வாழும் என்பது தெரிந்ததனால் புழுவை ஆராய்ச்சிசாலையில் வளர்க்க வழி பிறந்தது. வழி பிறந்ததனால் தூரதேசத்தாரும் அதனை ஆராயலாயினர்.

மருந்தின் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் ஆந்திரர் சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தி வந்ததனால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, உயர்ந்த பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த பட்டம் பெற்று வெளியேறியவர். அமெரிக்கா சென்று ஹார்வர்டில் உழைத்து, பின்னர் லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கே அவருடைய கூட்டத்தார் கண்ட மருந்தே யானைக்கால் புழுவுக்கு இன்றளவும் தரப்படும் டைஎதில்கார்பமசின். 1947-இல் அதைப் பற்றி வெளியான கட்டுரையில் ஆறு பெயர்கள் உள்ளன. சுப்பாராவின் பெயர் ஆறாவது. அதே ஆண்டில் போர்த்தோ ரிக்கோத் தீவின் நோயாளிகளுக்கு அது கொடுத்துப் பார்க்கப்பட்டது. மறு ஆண்டு சுப்பாராவ் காலமானார். நம் ஊர்ச் சங்கங்களில் அழைப்பிதழில் பெயர் மூன்றாவதாக அச்சாயிற்று என்று சங்கத்தையே உடைத்தவர்களை நாம் அறிவோம். அவர்களுக்கு அந்த ஆறாவது பெயரைக் காட்ட வேண்டும் என்று நமக்கு ஆசை.

இன்னொரு செய்தியையும் விரைவாகச் சொல்லிவிடுகிறோம். பெரிபெரி என்னும் நோய் இந்நாட்டில் ஆயிரக்கணக்கில் உயிர் வாங்கிய காலத்தில், தமிழ்த் தொழிலாளரிடம் மட்டும் அது அரிதாயிருந்தது. காரணம் புழுங்கல் அரிசி. தீட்டிய வெள்ளை அரிசியை உண்டவர்க்கு வந்தது. புழுங்கலை உண்டவர்க்கு வரவில்லை. பிராடன் இதனை 1907-இல் புத்தகமாகவே எழுதினார். 1900-இல் தோன்றிய கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் சோதித்து உறுதிப்படுத்தினார்கள். ஜாவாவில் ஐக்மன் கோழிகளை வைத்து முன்னரே அதே பாதையில் நடந்திருந்தார். தவிட்டிலுள்ள அச்சத்தின் அமைப்பை முடிவாகக் கண்டு 1936-இல் செயற்கையாக ஆக்கியவர் ராபர்ட் வில்லியம்ஸ். அவர் பிறந்த ஊர் நெல்லூர். ஆக, இவ்வளவு பெரிய ஆராய்ச்சிக்கு நமது கஞ்சிப்பானையும் ஒரு சாட்சி. சாட்சி சொன்னவனுக்குப் படிக்காசு கொடுக்கும் வழக்கம் கோர்ட்டில் உண்டு. விஞ்ஞானத்தில் அன்று இல்லை.

இனி, இரவு இரத்தத்துக்கு வருவோம். குஞ்சுகள் இரவில்தான் வெளிப்படும். ஆதலின் நோய் இருக்கிறதா என்று பார்க்க, இரவு பத்து மணிக்குமேல் விரல் நுனியைக் குத்தித் துளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, உருப்பெருக்கியில் தேட வேண்டும். பெரட்டுக்கு விடியுமுன் எழ வேண்டியவரை நடு இரவில் எழுப்பி விரலைக் குத்தினால் எவர் மகிழ்வர்? தூங்குகிற குழந்தையைத் தூக்கி வரச் சொன்னால் எந்தத் தாய் ஒப்புவாள்? தொழிலாளர் கதவைத் தாழிட்டுக்கொள்வர். அறியாமை என்று ஏட்டில் எழுதுவார்கள். நாம் அதனை அறியாமை என்று எழுத மாட்டோம். தூக்கம் என்று எழுதுவோம்.

இத்தொல்லையை நீக்கியவர்களில் முதன்மையானவர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ரஹ்மா நோர்டின். பல்கலைக்கழகத்தின் தாய்வளாகம் பினாங்குத் தீவில் குளுகோரில் உள்ளது; மருத்துவ வளாகம் கிளந்தானில். 2003-இல் மூலக்கூற்று மருத்துவத்துக்கென்றே அங்குத் தனி ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. அம்மையாரும் அவருடைய தோழர்களும் செய்தது யாதெனில், புழுவின் மரபணுக்களில் ஒன்றைப் பிரித்தெடுத்துக் குடற்கிருமி ஒன்றினுள் வைத்தார்கள். கிருமி பெருகப் பெருக, புழுவின் அந்த ஒரு புரதம் மட்டும் வேண்டிய அளவு கிடைத்தது. அப்புரதத்தை ஒரு தாள்பட்டையில் கோடாகப் பதித்தார்கள். புழு புகுந்த உடம்பு அதனை எதிர்க்கத் தனிவகை எதிர்ப்பொருளை உண்டாக்கும். நோயாளியின் இரத்தத் துளியிலுள்ள எதிர்ப்பொருள் அக்கோட்டிற் போய் ஒட்டிக்கொள்ளும். பொன்துகள் கலந்த மற்றொரு பொருள் அதன்மேல் ஒட்ட, சிவந்த கோடு தோன்றும். ஏறக்குறைய அரை மணி நேரத்தில் விடை தெரியும். எதிர்ப்பொருள் இரவு பகல் பாராதது. ஆகவே பகலிலேயே, பள்ளிக்கூடத்து வராந்தாவிலேயே, பார்த்துவிடலாம்.

ஒருவர் தம் சோதனையைத் தாமே மெச்சிக்கொண்டால் உலகம் நம்புமா? அதனால் அந்தப் பட்டைகள் பல நாடுகளுக்குப் போயின. கேரளத்து ஆலப்புழை, அமெரிக்காவின் பெதஸ்டா, சுவிட்சர்லாந்தின் பாசல், ஸ்காத்லாந்தின் எடின்பரோ, ஹாலந்தின் லெய்டன் முதலிய இடங்களிலிருந்த ஆராய்ச்சியாளர் பங்கு கொண்ட பன்னிலையச் சோதனையின் முடிவு 2003-இல் வெளியாயிற்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2000-இல் தொடங்கிய யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில், மலாயாப் புழு உள்ள நாடுகளில் நோய் பரவுவது நின்றுவிட்டதா என்று பள்ளிப் பிள்ளைகளிடம் பார்க்க இப்பட்டையே பயன்பட்டது. கும்பகோணத்துப் புழுவுக்கு வேறு சோதனை அட்டை உண்டு. அது மலாயாப் புழுவைக் காட்டாது. அதனாலேயே இதற்கு அவ்வளவு தேவை.

ஆலப்புழை என்றதும் ஒன்று நினைவு வருகிறது. அங்குள்ள வைத்தியக் கல்லூரியை 1963-இல் தொடங்கியது அவ்வூர்த் திருமலைக் கோயிலின் தேவஸ்வம்; பின்னர் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. உண்டியற் பணம் கல்லூரியாகும் என்றால், நாமும் உண்டியலில் ஒரு ரிங்கிட் போடத் தயார். அவ்வூருக்கு அருகே சேர்த்தலையில் 1980-ஆம் ஆண்டுகளில் புதுச்சேரிக் கொசு ஆராய்ச்சி நிலையத்தார் ஊர்மக்களோடு சேர்ந்து குளங்களின் நீர்த்தாவரத்தை அகற்றி, மீன் வளர்க்கச் செய்தார்கள். பாசியை வாரியவனுக்குக் கொசுவும் ஒழிந்தது, மீனும் கிடைத்தது. ஆராய்ச்சிக்காரரும் ஊராரும் கூடி வேலை செய்ததற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை.

சோதனைப் பட்டைக்கும் குறை உண்டு. புழு செத்த பின்னும் எதிர்ப்பொருள் நெடுநாள் நிற்கும். கோடு தோன்றினால் புழு இன்று இருக்கிறது என்று சொல்ல முடியாது. கோடு தோன்றிய சிலரை மட்டும் மறுபடி இரவில் குத்திப் பார்ப்பார்கள். ஊர் முழுவதையும் எழுப்புவதற்குப் பதில் சிலரை எழுப்புவது பெரிய இலாபமன்றோ? மேலும், 2007-இல் இப்புழுவின் மரபணு ஏட்டின் முன்வரைவு பல நாட்டார் கூட்டுறவால் வெளியாயிற்று. ஏறக்குறைய 11,500 மரபணுக்கள் அதில் கணிக்கப்பட்டன. புழுவின் உடம்புக்குள் வோல்பாக்கியா என்னும் ஒரு கிருமி குடியிருப்பதும், அதனைக் கொல்லும் மருந்தைக் கொடுத்தால் புழுவே மலடாகிச் சாவதும் தெரிந்திருக்கின்றன. புழுவுக்கும் ஒரு கூட்டாளி! கூட்டாளி போனால் அதற்கும் வாழ்வில்லை.

போகட்டும். நமது தோட்டத்து அனுபவம் இரண்டைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் வந்தனர்; எவர் என்பது இங்கு வேண்டா. நல்ல பிள்ளைகள், இனிப்பும் கொண்டுவந்தனர். லயத்தில் ஐம்பத்து மூன்று பேரிடம் இரத்தம் எடுத்தனர். பெயர்களை எழுதிக் கொடுத்தவர் நாமே. போனவர் போனவரே. மூன்று கடிதம் எழுதினோம், விடை இல்லை. "என்னங்க கிராணி, நம்ம ரத்தம் என்னா சொல்லுது?" என்று கேட்ட தண்டலுக்கு நாம் என்ன சொல்வது? கட்டுரை எழுதப்பட்டிருக்கலாம், அதிற் பதின்மர் பெயரும் நன்றியுரையும் அச்சாகியிருக்கலாம். ஐம்பத்து மூன்று பேருக்கு ஒரு வரி அனுப்ப அதில் எவருக்கும் நேரம் இல்லை போலும். பாரிசுக்கும் பாயியாவுக்கும் கடிதம் போன உலகத்தில், பாலத்துக்கு அக்கரையிலிருந்து இக்கரைக்கு ஒரு கடிதம் வரவில்லை.

இரண்டாவது குழு வேறு விதம். முடிவை உறையிலிட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தந்தார்கள். இருவருக்குக் கோடு தோன்றியிருந்தது. இரவில் மறுபடி பார்த்ததில் ஒருவருக்கே புழு இருந்தது. 12 நாள் மாத்திரை கொடுத்தார்கள். பட்டியலின் நகல் ஒன்று அலுவலகத்துக்கும் வந்தது. அன்று மாலையே ஓர் அம்மாள் வந்து மேசையருகே நின்றார். அவருடைய மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

"கிராணி ஐயா, அந்தத் தாளை வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்லைங்கம்மா. பூட்டி வெச்சிருக்கேன்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா?"

"அது உங்க பொண்ணோட தாளு. அதைக் கேக்க அவங்களுக்கு என்ன பாத்தியதை இருக்கு?"

மாத்திரை சாப்பிட்டால் புழுக்குஞ்சு ஒழியும், அந்தப் பெண்ணால் எவருக்கும் தொற்றாது, பிறக்கும் பிள்ளைக்கும் வராது என்று நாம் படித்ததைச் சொன்னோம். அவர் நம்பினாரோ இல்லையோ, கல்யாணம் நடந்தது. கோடு தோன்றியவர் அந்தப் பெண்தானா என்பதை வாசகர்க்கும் சொல்வதற்கில்லை. பட்டியலை மானேஜரின் ஒப்புதலோடு குழுவினரிடமே திருப்பி அனுப்பிவிட்டோம். தோட்டக் கணக்கில் அதற்கு இடம் இல்லை.

இப்போது லயத்தில் நம்மவர் குறைவு. வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் நிறைந்திருக்கின்றனர். "இவனுங்கதான் சீக்கைக் கொண்டு வரானுங்க" என்று நம்மவரே சொல்லக் கேட்கும்போது நமக்கு ஜெரெஜாக் தீவு நினைவுக்கு வரும். அங்கே சேலையை இழுத்து மூடி நின்றவரின் பேரப்பிள்ளைகள் பேசுகிற பேச்சா இது?

இவ்வாண்டு மற்றொரு குழு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறது. மானேஜர் கடிதத்தை நம்மிடம் தள்ளிவிட்டார். நாம் மூன்று வரிகள் சேர்த்துத் திருப்பியிருக்கிறோம்: இரத்தம் கொடுக்க விருப்பமில்லாதவர் பெயரை மேலிடத்துக்குச் சொல்லக் கூடாது, முடிவை அவரவர் கையில் அவரவர் மொழியில் தர வேண்டும், மருந்து தேவைப்படுவோர்க்கு அது கிடைக்க வழிசெய்து விட்டே போக வேண்டும். முதல் இரண்டுக்கும் உடனே ஒப்பினார்கள். மூன்றாவதைப் பற்றி மாவட்டச் சுகாதார இலாகாவோடு பேசி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வங்காளியில் எழுதித் தர லயத்திலேயே ஓர் இளைஞன் கிடைத்திருக்கிறான். தன் கையெழுத்து அழகாயிருக்கும் என்று அவனே சொல்கிறான்.